கடைசித் தவணைக்கு முன்னால் இவர்களைக் கூப்பிடுங்கள், ஆனால் எங்களைவிடச் சீக்கிரமாக

புது வீட்டின் சாவியை வாங்குவதற்கு முன்னால் நம் சார்பில் வந்து, வீட்டை மூலைமுடுக்கு விடாமல் சோதித்து, எங்கே என்ன குறை என்று எழுதித் தருகிற சேவை இருக்கிறது என்பதே சில மாதங்கள் முன்பு வரை எனக்குத் தெரியாது. கட்டித் தருகிறவர் பக்கத்து ஆளாக இல்லாமல், நாம் தேடிப் பிடித்து நாம் கூலி கொடுத்து அழைக்கிற ஆளாக இருக்க வேண்டும், அது முக்கியம். நாங்கள் அழைத்தவர்கள் இரண்டு பேர்: ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சார், அவருடன் ஓர் இளம் பெண் பொறியாளர். முதல் முறை வந்தபோது ஆறு மணி நேரம் இருந்தார்கள், பழுது பார்த்தபின் இரண்டாம் முறை வந்து இரண்டரை மணி நேரம். முதல் பட்டியலில் 83 குறைகள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதையும் சொல்கிறேன்.

அவர்கள் வந்த அன்று வீடு எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒப்பந்தக்காரர் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. "பெயின்ட் டச்சப் மட்டும்தான் பாக்கி, அடுத்த வாரம் சாவி வாங்கிக்கலாம்" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பெயின்டர், கார்பென்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தார்கள், பெயின்டர் கடைசிக் கோட் அடித்து முடித்த சுவரில் எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் போர்டைக் கழற்றி மாட்ட, அந்த விளிம்பெல்லாம் பெயர்ந்து வர, கார்பென்டர் இழைத்த மரத்தூள் காயாத வார்னிஷில் ஒட்ட, யார் வேலையை யார் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. நாங்களும் களைத்துப் போயிருந்தோம். முடிந்தால் போதும், உள்ளே போய்ப் படுத்தால் போதும் என்ற நிலை. பெரிய தவறுகள் நழுவிப் போவது அப்போதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் அந்த மனநிலையில் நாம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுகிறோம்.

முதலில் சுவர். சார் விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தார். பகலில் பளிங்கு மாதிரி தெரிந்த கூடத்துச் சுவரில் பட்டி தேய்த்த தடம், ரோலர் நின்ற இடம், மணல் துகள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் எல்லாம் எழுந்து வந்தன. ஆனால் அதைப் பெரிதாக்கவில்லை அவர். இதில் பாதி கண் உறுத்தல்தான், சுவர் விளக்கு வரப்போகிற இடத்தில் மட்டும் சரி செய்யச் சொல்லுங்கள், மற்றது வேண்டாம் என்றார். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

அப்புறம் டைல்ஸ். அந்தப் பெண் கையில் முனையில் சிறு உலோகக் குண்டு வைத்த ஒரு கம்பி, அதைத் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தார். கெட்டியாக உட்கார்ந்த டைலில் ஒரு சத்தம், அடியில் கலவை நிரம்பாத டைலில் வேறு சத்தம், பானையைத் தட்டினால் வருவது போல. பத்து டைல் கேட்டபின் எனக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பொள்ளென்று ஒலித்த ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு வட்டம். சமையலறையில் மட்டும் பதினொரு வட்டம், அதில் நான்கு அடுப்பு மேடைக்கு நேர் கீழே, கனமான பாத்திரம் கை தவறி விழுந்தால் முதலில் உடையக்கூடிய இடத்தில். ஒட்டும் கலவையை டைலின் முதுகு முழுக்கப் பரப்பாமல் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தினால் இப்படித்தான் ஆகும், நடுவில் வெற்றிடம் நின்றுவிடும். மேஸ்திரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. சார் குரலை உயர்த்தவே இல்லை, கம்பியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே இழுத்துப் பாருங்க மேஸ்திரி, உங்க காதுக்குத் தெரியாததா" என்றார். மேஸ்திரி ஒரு சுற்று இழுத்தார், ஒன்றும் பேசாமல் மறுநாள் காலை ஆளோடு வந்து மாற்றிக் கொடுத்தார்.

குளியலறைதான் எங்களை உண்மையிலேயே உலுக்கியது. ஒரு வாளித் தண்ணீரைக் கதவு ஓரத்தில் ஊற்றினார்கள். வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணீர் எதிர்ப்பக்கம் நகர்ந்து, நிலைக்கால் மூலையில் போய்ச் சேர்ந்து அங்கேயே நின்றது. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தாலும் ஒரு நாணயம் முழுகும் அளவுக்குக் குட்டையாக அப்படியே இருந்தது. குளியலறைத் தரை ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், அதைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். எங்கள் தரையை ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு பாதி சமமாகவும் மறுபாதி எதிர் வாட்டமாகவும் இருந்தது. தினமும் குளித்து முடித்தபின் அந்த மூலையில் தண்ணீர் நின்று நின்று, நிலையின் அடிமரம் ஊறி, வெளியே கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியிருக்கும். நாங்களாகப் பார்த்திருந்தால் ஷவரைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

அங்கேதான் நேரத்தின் அருமையும் புரிந்தது. வாட்டத்தைச் சரி செய்ய பதினான்கு டைலைப் பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்க்கும்போது அடியில் பூசியிருந்த நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கிழிந்தது. அதனால் அந்தப் பூச்சை மறுபடி இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, வடிகாலை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் டைல் ஒட்ட முடிந்தது. மொத்தம் பன்னிரண்டு நாள் போனது. டைல் ஒட்டுவதற்கு முன்பே இவர்களை ஒரு முறை அழைத்திருந்தால் ஒரு மட்டப்பலகையும் அரை மூட்டைக் கலவையும் போதும், அரை நாளில் முடிந்திருக்கும்.

அதே குளியலறையில் ஒரு நாற்றம் இருந்தது. புது பெயின்ட் வாடை, போகப் போகச் சரியாகிவிடும் என்று எங்களைச் சமாதானப்படுத்தியிருந்தார்கள். தரை வடிகாலின் மூடியைத் திறந்து அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வடிகாலுக்குள் வளைந்த ஒரு பகுதியில் எப்போதும் சுமார் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிற மூடி. எங்களுடையதில் சிமென்ட் கலவை விழுந்து இறுகி, பாதித் தண்ணீர்கூட நிற்கவில்லை. வேலையாட்கள் கலவை வாளியைக் கழுவி அங்கேயே ஊற்றியிருக்கிறார்கள். இதை மட்டும் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்: வேலை நடக்கிற வரை எல்லா வடிகால் வாயையும் அடைத்து வையுங்கள். யாரும் பயன்படுத்தாத குளியலறை இருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வற்றிவிடும், அவ்வப்போது ஒரு குவளை ஊற்றிவிட்டால் நாற்றம் வராது.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மூன்று சின்ன விளக்கு வைத்த ஒரு சோதனைப் பிளக்கை ஒவ்வொரு சாக்கெட்டிலும் செருகிப் பார்த்தார்கள், மொத்தம் 46 சாக்கெட். மூன்றில் எர்த் இணைப்பே இல்லை, அதில் ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்துக்கானது. பின்னால் கழற்றிப் பார்த்தால் பச்சை வயர் சுருண்டு சும்மா கிடக்கிறது, யாரும் முடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் மின்சாரம் வருகிற ஃபேஸ் வயரும் அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரும் இடம் மாறி, ஸ்விட்ச் நியூட்ரலைத் துண்டிக்கிற மாதிரி இணைத்திருந்தார்கள். விளக்கு அணைந்துதான் இருக்கும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், பல்பு மாற்றக் கை வைக்கிறவர் பாடு என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். என் மாமியார்தான் வீட்டில் பல்பு மாற்றுகிறவர். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு பிசைந்தது.

மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் மின்கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தது, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் டிரிப்பும் ஆனது. நானாக இருந்தால் அதோடு திருப்தி அடைந்திருப்பேன். அவர்கள் கருவியை வைத்து ஒவ்வொரு லைனாகச் சோதித்தபோது, ஒரு குளியலறை லைன் அந்த ஸ்விட்ச் வழியாகவே போகவில்லை என்று தெரிந்தது. எங்கே அவசியமோ அங்கே இல்லை. எலக்ட்ரீஷியன் அன்று மாலையே மாற்றிக் கொடுத்தார், அரை மணி நேர வேலை. எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று போர்டில் எழுதி ஒட்டவும் வைத்தார்கள்.

தெர்மல் கேமரா என்று ஒன்று கொண்டுவருகிறார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் அது சுவருக்குள்ளேயே ஊடுருவிப் பார்ப்பது போல் காட்டுகிறார்கள். அப்படி இல்லை, மேற்பரப்பின் வெப்பத்தை மட்டும்தான் காட்டும், ஈரமான இடம் ஆவியாகும்போது குளிர்வதால் தனியாகத் தெரியும், அவ்வளவுதான். சார் அதை நேர்மையாகச் சொன்னார், கேமராவில் கருநீலமாகத் தெரிந்த இடத்தில் ஈரமானி வைத்து உறுதிப்படுத்தின பிறகுதான் எழுதினார். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே அப்படி ஒரு இடம் அகப்பட்டது. காரணம் தேடினால், ஜன்னல் சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியேற வைத்திருக்கும் சின்னத் துளைகளை யாரோ சிலிக்கோன் பசை வைத்து அழகாக அடைத்திருக்கிறார்கள். மழைநீர் ஜன்னல் கதவு நகரும் தடத்தில் தேங்கி உள்பக்கம் வழிந்திருக்கிறது. ஒரு குச்சியால் சிலிக்கோனைக் குத்தி எடுத்தார், வேலை முடிந்தது. அந்தச் சுவர் உலர மட்டும் ஒரு மாதம் ஆனது, அதுவரை அங்கே பெயின்ட் அடிக்க விடவில்லை. ஈரத்தின் மேல் அடித்தால் உப்பு பூத்து உரிந்து வரும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கதவுகள், கீல்கள், தாழ்ப்பாள் எல்லாம் வழக்கமான பட்டியல்தான். மூன்று கீலில் திருகாணி குறைவு, இரண்டு கதவு தரையில் உரசுகிறது, குழாய்களில் ஒன்றிரண்டு சொட்டுகிறது. படிக்கட்டு மட்டும் கவனிக்க வேண்டியது: கடைசிப் படி மற்றவற்றைவிட 22 மி.மீ. உயரம் குறைவு, கூடத்தில் டைல் ஒட்டியபோது தரை உயர்ந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கால் ஒரே உயரத்துக்குப் பழகி இறங்கும்போது சில மி.மீ. மாறினாலே தடுமாறும். என் கணவர் அதற்கு முந்தைய வாரம் அதே படியில் இடறியிருக்கிறார், தன் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். படியை இடிக்க முடியாது, எல்லாப் படிக்கும் மேல் கல் ஒட்டும்போது தடிமனைப் பங்கிட்டுச் சமன் செய்தார்கள். கல் இன்னும் ஒட்டாமல் இருந்ததால் தப்பித்தோம்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் குறைகளைப் பிரித்துத் தந்த விதம். 83 குறை என்றதும் நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். அவர் பட்டியலை என் பக்கம் திருப்பி, "மேடம், இதுல ஒன்பதுதான் நீங்க குடிபோறதுக்கு முன்னாடி முடிஞ்சே ஆகணும். முப்பது, கடைசிப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி. மிச்சம் நீங்க உள்ள இருந்துக்கிட்டே செஞ்சுக்கலாம்" என்றார். அந்த ஒன்பதும் உயிரும் தண்ணீரும் சம்பந்தப்பட்டவை. ஒப்பந்தக்காரரிடம் பேசும்போதும் இதுவே கைகொடுத்தது, ஏனென்றால் சுவர்க்கறையையும் எர்த் இல்லாத சாக்கெட்டையும் ஒரே மூச்சில் புகார் சொன்னால் அவர் கறையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் வாதிடுவார். ஒவ்வொரு குறைக்கும் இடம், படம், அளவு, என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி. வாக்குவாதத்துக்கு இடமே இல்லாமல் போனது. உண்மையைச் சொன்னால் ஒப்பந்தக்காரருக்கும் அது நிம்மதியாகவே இருந்தது, தினம் ஒரு புதுக் குறையோடு போன் பண்ணாமல் ஒரே காகிதத்தில் முடிந்ததே என்று அவரே சொன்னார்.

விரிசல்களைப் பற்றியும் பயம் தெளிந்தது. பூச்சு காய்ந்து சுருங்கும்போது வரும் தலைமயிர் அளவு விரிசல் ஒரு ரகம், தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வலை வைக்காமல் பூசினால் நேர்கோடாக வருவது இன்னொரு ரகம், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதுதான் கண்காணிக்க வேண்டியது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. சார் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதினார், மாதம் ஒரு முறை பார்க்கச் சொன்னார். இதுவரை நீளவில்லை.

இனி குறைகள். மொட்டை மாடிக்கு அவர்களாக ஏறவில்லை, நான் கேட்ட பிறகுதான் போனார்கள். போனதும் மழைநீர்க் குழாயின் வாயில் சிமென்ட் கட்டி அடைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள், அப்படியானால் கேட்காமலே போயிருக்க வேண்டாமா? தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை அவர்கள் கணக்கில் சேராது, நாமே செய்து படம் எடுத்து அனுப்ப வேண்டும், இதை முதலிலேயே சொல்லவில்லை. அறிக்கை 60 பக்கத்துக்கு மேல், அதில் முதல் பத்துப் பக்கம் பொறுப்புத் துறப்பு. சுவருக்குள் போய்விட்ட குழாய், கூரைக்குள் இருக்கும் கம்பி இவற்றையெல்லாம் பார்க்க முடியாது என்பது நியாயம்தான், பொய்க்கூரைக்கு மேலே போகும் ஏசி வடிகால் குழாயும் அப்படி மூடிக்கிடந்தது, நாங்கள் கூரையை மூடும் முன் அழைத்திருந்தால் பார்த்திருப்பார்கள். இந்தத் தவறு எங்களுடையது, ஆனால் முன்பதிவு செய்யும்போதே "எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்" என்று ஒரு கேள்வி கேட்டுத் தேதியைத் தள்ளியோ முந்தியோ கொடுத்திருக்கலாம். அதற்காகத்தான் அந்த ஒரு மதிப்பெண்.

முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் நடுவில் ஒரு கெட்ட காரியம் நடந்தது. சுத்தம் செய்ய வந்த குழு தரையில் ஒட்டியிருந்த சிமென்ட் படலத்தை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டது. தரை பளிச்சென்று ஆனது, ஆனால் அந்தப் புகை பட்டுக் குளியலறையின் புதுக் குழாய்களில் எல்லாம் பழுப்புப் புள்ளி, டைல் இடுக்கில் நிரப்பிய க்ரவுட் அரித்துப் போய் விரலால் சுரண்டினால் மாவாக வந்தது. எட்டுக் குழாயில் ஐந்தை மாற்ற வேண்டி வந்தது. அதற்கென்றே மிதமான கழுவு திரவங்கள் இருக்கின்றன, கடைசிச் சுத்தம் செய்ய வருகிறவர்களிடம் என்ன ஊற்றப் போகிறீர்கள் என்று புட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். நான் கேட்கவில்லை, இன்னும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது அவர்கள் பழைய பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டார்கள். குளியலறையில் மறுபடியும் அதே வாளி, அதே மூலை. தண்ணீர் ஒரு கணம் தயங்கி, மெதுவாகத் திரும்பி, வடிகாலை நோக்கி ஓடியது. மேஸ்திரியும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கடைசிச் சொட்டு போகிற வரை யாரும் நகரவில்லை. ஒன்பதும் முடிந்திருந்தது, முப்பதில் நான்கு பாக்கி. அந்த நான்குக்கும் ஒரு தேதி எழுதி ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள், கடைசித் தவணையில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வைத்தோம்.

போகும்போது அந்தப் பெண் ஒரு பைலைத் தயார் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு அறைப் பெயின்டின் நிற எண், டைல் பெட்டியில் அச்சடித்திருக்கும் தொகுதி எண், கூடவே ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டி மிச்சம், ஏனென்றால் அடுத்த தொகுதியில் அதே டைல் வேறு சாயலில் வரக்கூடும். பூச்சு பூசும் முன் குழாய், வயர் போகும் பாதையை அளவு நாடாவோடு படம் எடுத்திருந்தால் அதுவும். எங்களிடம் இரண்டு அறைக்குத்தான் அந்தப் படங்கள் இருக்கின்றன, அதுவும் என் மகள் விளையாட்டாக எடுத்தவை. அதில் அவள் கட்டைவிரலும் தெரிகிறது, ஆனால் குளியலறை வெந்நீர்க் குழாய் நிலையிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் போகிறது என்று நாடாவில் தெளிவாகப் படிக்க முடிகிறது.